கண் மூடாதவள்

காலை பத்து மணி, வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரம். பேய் வருவதற்கு அர்த்த ராத்திரி வேண்டும் என்று யார் சொன்னது, கண்ணுகளா? ஆத்திரம் இருந்தால் அதற்குப் பட்டப்பகலே போதும்.

அந்தப் பழைய நான்கு மாடிக் கம்பெனிக் கட்டடத்தின் வாசலில் அக்காளும் தங்கையும் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். பதினொரு வருஷமாக இரண்டு பேருக்கும் படமெடுக்கும் தொழில். மாநாடு, ஆண்டு விழா, பரிசளிப்பு என்று கம்பெனிகளையே நம்பிய பிழைப்பு. அக்கா எடுப்பாள். தங்கை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மெருகேற்றுவாள். வழுக்கையை மறைப்பாள், தொப்பையைத் தட்டையாக்குவாள். நம் கடைக்கு வந்தால் எமனுக்கே பத்து வயசு குறைந்துவிடும் என்று சொல்லிச் சிரிப்பாள்.

இன்னொரு வேலையும் உண்டு. வேலையை விட்டுப் போனவர்களைப் பழைய குழுப்படத்திலிருந்து நீக்கித் தரச் சொல்லிக் கம்பெனிகள் கேட்கும். தங்கை துடைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரை இரண்டு விரல்கடை நகர்த்துவாள். ஒரு ஆள் நின்ற இடம் அத்தோடு மூடிப்போகும். அவர்கள் ஏன் போனார்கள் என்று இவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. போன வருஷம் இதே கம்பெனிப் படத்திலும் ஒருத்தியைத் துடைத்தார்கள்.

மேனேஜர் தானே வந்து வரவேற்றார். சரக்கு லிஃப்ட் ஓடவில்லை, படியில் ஏற வேண்டும் என்றார். லிஃப்டின் வாயில் இரும்புத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள்.

மூன்றாவது மாடி திரும்பும்போது சுவருக்குப் பின்னால் சங்கிலி ஏறும் சத்தம் கேட்டது. மெதுவாக, கனமாக, இவர்கள் ஏறும் வேகத்துக்கே அதுவும் ஏறியது. அக்கா நின்றாள். அதுவும் நின்றது.

லிஃப்ட் ஓடவில்லை என்றீர்களே என்று அக்கா கேட்டதும் மேனேஜர் வேகத்தைக் கூட்டினார். இரண்டிரண்டு படியாக ஏறினார்.

மேல் ஹாலில் கிரீஸும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை. மேனேஜர் மேல் மணந்த சென்ட்டாலும் அதை அடக்க முடியவில்லை. முன்னால் மேனேஜர் நாற்காலியில் உட்கார, ஊழியர்கள் மூன்று வரிசையாக நின்றார்கள். அக்கா வழக்கம்போல இரண்டு தடவை எண்ணினாள். நாற்பத்து இரண்டு.

கூட்டமாக எடுக்கும்போது யாராவது ஒருவர் கண்ணைச் சிமிட்டிப் படத்தைக் கெடுப்பார். அதற்கு அக்காவிடம் ஒரு வழி இருந்தது.

"எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. மூணு எண்ணுவேன். மூணுல திறங்க."

ஹால் முழுக்கக் கண்ணை மூடியது. அக்கா கேமராவில் கண் வைத்தாள்.

ஒரு ஜோடிக் கண் மட்டும் மூடவில்லை.

பின்வரிசை. இடமிருந்து மூன்றாவது.

சாம்பல் நிறச் சீருடையில் ஒரு பெண். இமை அசையவில்லை. அடித்தவனைப் பார்க்கிற பார்வை அது. அந்தப் பார்வை நேராக அக்காவின் மேல் நின்றது.

எண்ண மறந்து, விரல் தானாக அழுத்திவிட்டது. வெளிச்சம் பளிச்சென்று அடித்து அடங்கியபோது அந்த இடத்தில் யாரும் இல்லை. திரையில் மட்டும் இருந்தாள். நாற்பத்து இரண்டு பேர் தூங்குவது போல நிற்க, ஒருத்தி மட்டும் விழித்துக்கொண்டு.

அடுத்த படத்தில் நடுவரிசைக்கு வந்திருந்தாள்.

அதற்கடுத்ததில், மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால்.

மேனேஜர் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். பதறவில்லை. காதருகில் குனிந்து முணுமுணுத்தார்.

"போன தடவை மாதிரியே இதையும் துடைச்சு எடுத்துடுங்க. அடுத்த மூணு வருஷத்துக்கும் நீங்கதான் வருவீங்க."

செத்தவளைக் கண்டுகூட அக்காவுக்கு அவ்வளவு குளிரவில்லை. இந்த மனுஷனைக் கண்டுதான் முதுகுத்தண்டு சில்லிட்டது.

இறங்கும்போது பேக்கிங் பிரிவுப் பெண்மணி ஒருவர் படியில் வழிமறித்தார். சாம்பல் சீருடைக்காரி இவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவளாம். தினக்கூலி, அடையாள அட்டை கிடையாது, கையெழுத்துப் புத்தகம் கிடையாது. போன வருஷம் சங்கிலி அறுந்து லிஃப்டோடு விழுந்து செத்துப் போனாள். அவள் அண்ணன் கேட்டு வந்தபோது, அப்படி ஒருத்தி இங்கே வேலையே பார்க்கவில்லை, எவளோ அத்துமீறி உள்ளே நுழைந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்களாம். ஆண்டு விழாப் படத்தில் நிற்பாளே என்று அண்ணன் மன்றாடியிருக்கிறான். மேனேஜர் படத்தைக் காட்டினார். அதில் அவள் இல்லை.

"அந்தப் படம் நீங்க எடுத்ததுதானே?" என்றார் அந்தப் பெண்மணி. செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கடைக்குத் திரும்பியதும் அக்கா போன வருஷத்து அசல் படத்தைத் தேடினாள். ஆறு மாதம் போனால் அழித்துவிட்டு அதே டிஸ்க்கில் புதுப்படம் ஏற்றுவது இவர்கள் வழக்கம். அசல் எப்போதோ போயிருந்தது. தங்கைக்கு வேறு கவலை. விஷயம் வெளியே தெரிந்தால் ஒரு கம்பெனியும் வாசலை மிதிக்க விடாது, நமக்கெதற்கு வீண் வம்பு என்றாள். சொல்லிக்கொண்டே புதுப்படத்தைத் திறந்து துடைக்க உட்கார்ந்தாள்.

துடைத்தாள். முகம் போனது.

கையை எடுத்தாள். முகம் வந்தது. முன்னைவிடப் பெரிதாக.

மறுபடி துடைத்தாள். திரை முழுக்க அந்த இரண்டு கண்கள்.

கடையிலோ லிஃப்டே கிடையாது. ஆனாலும் சுவருக்குள் சங்கிலி இழுபட்டது.

"அக்கா, இவ என்னையே பாக்கறா."

"பாக்காம என்ன பண்ணுவா? ரெண்டாவது தடவையா கொல்றோமே."

அக்கா தங்கையின் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டாள். நடுக்கம் போய் அவளுக்கு ஆத்திரம் வந்திருந்தது. மேனேஜர் மேல், தன் மேல், கேள்வி கேட்காமல் கழித்த பதினொரு வருஷத்தின் மேல். பழைய மெயில்களைக் குடைந்தாள். கிடைத்தது. மேனேஜர் தன் பெயரிலேயே எழுதியிருந்தார்: பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் நமது பேக்கிங் பிரிவுப் பெண்ணை நீக்கவும். பேக்கிங் பெண்மணி சொன்ன கணக்குப்படி, லிஃப்ட் விழுந்ததற்கு மறுநாள் தேதி.

அவள் அங்கே வேலை பார்த்தாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அக்கா அதை அச்செடுத்தாள். துடைத்தது நாங்கள்தான் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தங்கை நெடுநேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அவளும் போட்டாள். அன்று மாலைக்குள் பேக்கிங் பெண்மணி மூலமாகக் காகிதம் அண்ணன் கைக்குப் போனது.

வாங்கிப் படித்தவன் நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

வழக்கு எழுந்தது. மேனேஜர் போனில் கத்தினார். இனிமேல் எங்கேயும் கேமராவைத் தூக்க முடியாதபடி பண்ணிவிடுவேன் என்றார்.

"உங்க எழுத்து இப்ப அவ அண்ணன் கையில இருக்கு சார். அதைத் துடைக்க வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள் அக்கா.

மேனேஜர் மிரட்டியபடியே செய்தார். வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. இரண்டு மாதம் கழித்து, விஷயம் தெரியாத ஒரு பல் மருத்துவர் சங்கம் கூப்பிட்டது. உச்சி வெயில், திறந்த புல்வெளி, முப்பது டாக்டர்கள். அக்கா ஒரு படம் எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

சாம்பல் சீருடைக்காரி இல்லை. அக்காவுக்கு மூச்சு வந்தது.

அரை மூச்சுதான்.

டாக்டர்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை நின்றது. டை தளர்ந்த ஒரு பெரியவர். ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரண்டு பெண்கள். தொப்பியைக் கையில் பிடித்த ஒரு காவலாளி. அதற்குப் பின்னாலும் தலைகள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

தங்கை அக்காவின் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"எல்லாம் நான் துடைச்ச முகங்க."

அவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் எப்படிப் போனார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லையே.

அந்தத் தலைகளும் படத்தில் அடங்கும்படி அக்கா கேமராவைப் பத்தடி பின்னால் நகர்த்தி வைத்தாள். டாக்டர்களைக் கொஞ்சம் முன்னால் வரச் சொன்னாள். எதற்கு என்று ஒருவர் கேட்டார்.

அவள் பதில் சொல்லுமுன், பின்வரிசையில் நின்ற ஒரு டாக்டர் முகம் சுளித்துத் திரும்பிப் பார்த்தார்.

"யாருங்க அது, தள்ளாதீங்க."