வருவதற்கு முன்பே போன காவலாளி

துப்பறிபவரின் அறைக்கு வந்த அம்மாள் உட்காரவில்லை. தம்பியை உட்கார வைத்தாள்.

"எம் புருஷன் மருந்துக் கிடங்குல வாட்ச்மேன். குளிர் அறையைத் தொறந்து மருந்தைத் திருடிட்டாருன்னு ஜெயில்ல வெச்சிருக்காங்க. கதவுக் கணக்கு எழுதுற புரோகிராம் இவன் போட்டது. மெஷின் பொய் சொல்லாதுங்கிறான். நீங்களாவது பாருங்கய்யா."

துப்பறிபவர் நிதானமானவர். காணாமல் போன தம் செருப்பை இரண்டு நாள் விசாரித்து, தம் காலிலேயே கண்டுபிடித்தவர். உதவியாளன் நேர் எதிர். ஊரே அவனை முந்திரிக்கொட்டை என்றது.

அவன் தாள்களைப் புரட்டினான். "திங்கள் அதிகாலை ரெண்டு மணிக்குக் கதவு தொறந்திருக்கு. ஞாயிறு ராத்திரி டியூட்டி இவங்க புருஷனோடது. ஆளு அவர்தான், கிளம்பலாம்."

"அடுத்த ராத்திரி டியூட்டி ஆளோட வரவு போக்கையும் படி."

"வந்தது திங்கள் ராத்திரி பத்து. வீட்டுக்குப் போனது திங்கள் காலை ஆறு..." நிறுத்தினான். "வர்றதுக்கு முன்னாடியே போயிட்டானா? கொடுத்து வெச்சவன்!"

"அங்க ஒரு வழக்கம்" என்றார் துப்பறிபவர். "ராத்திரி டியூட்டி தொடங்கின நாள்தான் விடியற வரைக்கும் தேதி. நேரம் மட்டும் கடிகாரப்படி. தம்பி ரெண்டையும் அப்படியே சேர்த்து ஒட்டிட்டார். நடுராத்திரி தாண்டினா ஒரு நாள் கூட்டணும், கூட்டல. செவ்வாய் அதிகாலை தொறந்த கதவு திங்களுக்குப் போயிடுச்சு. அப்ப உள்ள இருந்தது அந்த இன்னொருத்தன்."

"அப்ப அவர் வந்துடுவாரா?" என்றாள் அம்மாள்.

"வருவார்."

"தெரியாம நடந்துடுச்சுக்கா" என்றான் தம்பி.

துப்பறிபவர் இன்னொரு தாளை எடுத்தார். "இது அதுக்கப்புறம் வந்த கணக்கு. மாமாவைப் பிடிச்ச மறுநாள்லேருந்து யாரும் வர்றதுக்கு முன்னாடி போகல. புரோகிராமைத் திருத்தினது யாரு தம்பி?"

தம்பி தரையைப் பார்த்தான். "தலைமைப் பதவி தர்றேன்னிருக்காங்க. இந்த நேரத்துல எம் தப்புன்னு சொன்னா..."

முந்திரிக்கொட்டை வாழ்க்கையில் முதல் முறையாக அவசரப்படாமல் தாள்களை அடுக்கினான்.

"போலீஸ் கூட்டிட்டுப் போறப்ப, 'மச்சான் இருக்கான், பாத்துப்பான்'னு சிரிச்சுக்கிட்டே போனார்டா" என்றாள் அக்கா.

"அக்கா..."

"வெளிய வரப் போறார்னு அவர்கிட்ட நான் சொல்றேன். ஏன் இத்தனை நாளாச்சுன்னு நீ சொல்லு. எழுந்திரு, நட."

அவன் எழுந்தான். கைதியை ஒப்படைக்கப் போகும் காவலரைப் போல, அவள் அவன் பின்னாலேயே படி இறங்கினாள்.