மறுவழியில் போனவள்

மிருதுளா தன் நகலோடு பேச வேண்டிய நாளும், அவள் மகள் வடிவு நகல் எடுத்துக்கொள்ள வேண்டிய நாளும் அந்த வருடம் ஒரே தேதியில் வந்து விழுந்தன. உடுமலையிலிருந்து திருப்பூருக்கு ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும் என்று மிருதுளாவுக்குச் சந்தோஷம். வடிவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பிளஸ் டூ முடித்த எல்லோருக்கும் வரும் நாள்தான் அது. நகல் நிலையத்தில் வாழ்வியக்கி என்று ஒரு இயந்திரம் இருக்கிறது. அதற்குள் ஒன்பது நிமிடம் தலையைக் கொடுத்தால் மூளையை அப்படியே படியெடுத்துக்கொள்ளும். பிறகு இரண்டு தகடுகளில் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். ஒன்று கல்லூரி, மற்றொன்று தொழில். நீங்கள் எதைத் தொடுகிறீர்களோ அந்த வழியில் நீங்கள் போவீர்கள். தொடாத வழியில் உங்கள் நகல் போகும்.

நகலுக்கென்று இயந்திரத்துக்குள் ஒரு முழுத் தமிழ்நாடு உண்டு. இங்கே மழை பெய்தால் அங்கேயும் பெய்யும், இங்கே தக்காளி விலை ஏறினால் அங்கேயும் ஏறும். அப்பா அம்மாவில் தொடங்கி பால்காரர் வரை எல்லோரையும் இயந்திரம் பதிவுகளிலிருந்து உருவாக்கிவிடும். நகல் அங்கே வளரும், கல்யாணம் செய்துகொள்ளும், பிள்ளை பெறும். அந்தப் பிள்ளையும் அழும், சிரிக்கும், அடம் பிடிக்கும். தான் நகல் என்பது நகலுக்குத் தெரியும். பிழைப்பைப் பார்க்கிற அவசரத்தில் அதையே நினைத்துக்கொண்டிருக்க அதற்கும் நேரமில்லை.

பட்டம் வாங்குவது அந்தச் செலவுக்கும் நாலு வருடத்துக்கும் தகுமா என்று இந்த நாடு ஒரு நூற்றாண்டாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததே, அதற்குப் பதில் காணத்தான் இத்தனை ஏற்பாடும். ஒரே ஆள் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் அல்லவா? வருடத்துக்கு ஒரு முறை பதினைந்து நிமிடம் நகலோடு பேசலாம். ஆனால் அதன் வாழ்க்கையை எட்டிப் பார்க்க முடியாது. நகலுக்கும் அந்தரங்கம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாட்டை நடத்தும் அரசுத் துறையும் வருடா வருடம் கேட்டது. நகல், அசல் இரண்டு தரப்பிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். கல்லூரிக்குப் போனவர்களும் நலம், போகாதவர்களும் நலம். இப்படி ஒரு பொற்காலம் எப்போதாவது இருந்ததுண்டா என்று அறிஞர்கள் கட்டுரை எழுதினார்கள். பெற்றோருக்குக் கட்டுரை எதற்கு? அவரவர் நகலைக் கேட்டார்கள், மறுவழிதான் தேன் ஒழுகும் வழி என்று கேள்விப்பட்டார்கள். கல்லூரி போனவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தொழிலுக்கும், தொழிலுக்குப் போனவர்கள் கல்லூரிக்கும் அனுப்பினார்கள். இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

மிருதுளாவின் அப்பா பொறியியல் பட்டதாரி. கடைசிவரை வீடு வீடாகப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தவர். அவரைப் பார்த்தே அவள் பதினேழு வயதில் தொழில் தகட்டைத் தொட்டாள். காற்றாலைகளில் கயிறு கட்டித் தொங்கி, வெடித்த இறகுகளைச் சரி செய்யும் வேலை. பிற்பாடு சொந்தப் பட்டறை போட்டாள். அவள் நகல் கட்டடப் பொறியியல் படித்தது. பெங்களூரில் அலுவலகம், ஒன்பதாவது மாடியில் சொந்த வீடு, கீழே பத்துப் பேர் வேலை என்று வருடா வருடம் அதன் கதை வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு ஜூனிலும் அதைக் கேட்டுவிட்டு வந்து மிருதுளா இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டாள்.

மகள் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்று அவள் முடிவு செய்தது அப்படித்தான். கோயம்புத்தூரில் நிலவியல் படிக்க இடமும் வாங்கியாயிற்று. வடிவுக்கோ பட்டறைதான் உயிர். இறகைக் கைமுட்டியால் தட்டிப் பார்த்தே உள்ளே எங்கே விரிசல் என்று சொல்லிவிடுவாள். இந்தத் தொழிலில் இருபது வருடம் இருந்தவர்களுக்கே அது வராது. ஒரு மாதமாக அழுதும் பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். அம்மா அசையவில்லை.

"மா, உன்ற நகல்கிட்ட நம்ம பட்டறையில எத்தன பேருன்னு சொல்லியிருக்க?" என்று அன்று காலை தட்டைப் பார்த்தபடியே வடிவு கேட்டாள்.

"நாப்பது."

"நம்மகிட்ட ஆறு பேருதான இருக்காங்க?"

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றது கண்ணு. எல்லாத்தையும் போட்டு ஒடச்சுக்கிட்டா இருப்பாங்க?"

"அப்ப அவ சொல்றது?"

படித்தவள் எதற்குப் பொய் சொல்லப் போகிறாள் என்று மிருதுளா அதட்டி, சீக்கிரம் கிளம்பச் சொன்னாள். பேருந்தில் ஏறிப் பல்லடம் தாண்டும்வரை சும்மாதான் இருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி அவளை அரிக்கத் தொடங்கியது. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனால் இருக்கிற நகையை எல்லாம் போட்டுக்கொண்டு, தொழில் அமோகமாகப் போவதாகச் சொல்லிவிட்டு வருவது அவள் வழக்கம். நகலிடமும் அதையேதான் செய்துவந்தாள். விரிசலைத் தானாகவே ஆற்றிக்கொள்ளும் இறகு வந்த பிறகு பட்டறைக்குப் பாதி வேலைதான் வருகிறது. இருபது வருடத்துக்கு மேல் கயிற்றில் தொங்கியதில் இடது தோள் போய்விட்டது. இதை எல்லாம் சொந்தத் தம்பியிடமே சொன்னதில்லை, நகலிடமா சொல்வாள்?

நிலையத்தில் கூட்டம். வடிவுக்கு டோக்கன் எண் அறுபத்து மூன்று. ஐம்பத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தபோதே மிருதுளாவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். "நான் வர்றதுக்குள்ள உன்னக் கூப்புட்டா, போய்க் காலேஜுல கைய வெச்சுரு. மறுபடியும் ஆரம்பிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். வடிவு தலையை மட்டும் ஆட்டினாள்.

உள்ளே முக்கால் மணி நேரம் காக்க வைத்த பிறகுதான் திரையில் நகல் வந்தது. மிருதுளாவின் முகமேதான், வெயில் படாததால் கொஞ்சம் வெளுப்பு. எப்படி இருக்கிறாய், எனக்கென்ன நன்றாக இருக்கிறேன், நீ எப்படி, நானும் அப்படித்தான் என்று இருபத்து நாலு வருடமாகச் சொல்லும் நாலு வாக்கியங்களையும் இருவரும் சொல்லி முடித்தார்கள்.

"ஆளுக நாப்பது பேரும் இருக்காங்களா?" என்று நகல் கேட்டது.

நாற்பத்தைந்து ஆகிவிட்டது என்று சொல்ல மிருதுளா வாயைத் திறந்தாள். பொய் சொல்லும்போது இடது காதுத் தோட்டைத் திருகுவது சின்ன வயதிலிருந்து அவள் பழக்கம். அவள் புருஷன் அதை வைத்தே அவளைக் கிண்டல் செய்வான். இப்போதும் கை தோட்டுக்குப் போகப் பார்த்தது, தோள் சுளீரென்று இழுத்ததில் பாதியிலேயே மடியில் விழுந்தது. சொல்ல வந்ததும் தடைப்பட்டது. அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்து, அலுவலகத்தில் தனக்குப் புதுக் கார் கொடுத்திருப்பதாக நகல் சொல்லத் தொடங்கியது. மிருதுளா அதன் கையைப் பார்த்தாள். அது இடது காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தது.

இத்தனை வருடமும் அந்தக் கை அங்கேதான் இருந்திருக்கும். தன் தோட்டைத் திருகுகிற மும்முரத்தில் இவள் கவனித்ததில்லை.

"எனக்கு ஆறே பேருதான்" என்றாள். "பதினொண்ணுக்கு மேல எப்பவுமே இருந்ததில்ல. தோளு போயிருச்சு. கயித்துல ஏறி மூணு வருஷமாச்சு."

நகல் தோட்டை விட்டது. பிறகு, தன் அலுவலகத்தை மூடிப் பதினாறு வருடமாகிறது என்றது. வரைவதற்கு இயந்திரம் வந்த பிறகு இவர்கள் தேவைப்படவில்லை. இயந்திரம் வரைந்த படத்தில் மாடிப்படிகள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்து எண்ணிச் சொல்வதுதான் இப்போது அதற்கு வேலை. ஒன்பதாவது மாடி நிஜம், சொந்த வீடு என்பது நிஜமில்லை. ஒரே அறை.

மிருதுளாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அது அழுகையாக மாறியது. தன்னையே ஏமாற்றி, தன்னிடமே ஏமாந்து, அதற்காக வருடத்துக்கு இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கமும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"உன்ற புள்ளைய எங்க சேத்தற?" என்று நகல் கேட்டது.

"காலேஜுக்குத்தான். உன்ற பேச்சக் கேட்டுத்தான்."

"என்ற புள்ள பவளத்த பத்து நாளைக்கு முன்னால காத்தாடி வேலைக்கு அனுப்பிச்சுட்டேன்" என்றது நகல். "அவளுக்குப் படிக்கோணும்னுதான் ஆச. மேல ஏறுனா தலை சுத்துதுன்னு தெனமும் போன் போட்டு அழுகறா. நான் உன்னத்தான் சொல்லிச் சொல்லி வாய அடச்சேன்."

அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள் என்று மிருதுளா கத்தினாள். கூப்பிடுகிறேன், நீயும் உன் பிள்ளையை நிறுத்து என்றது நகல். படிப்பு நல்லதா தொழில் நல்லதா என்பது இருவருக்கும் இப்போதும் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. நேரம் இன்னும் நாலு நிமிடம் இருந்தது. மிருதுளா அதை அப்படியே விட்டுவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள்.

பலகையில் அறுபத்தைந்து ஓடிக்கொண்டிருந்தது. வடிவு நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றியில் தடவியிருந்த பசையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெச்சுட்டேன்மா. காலேஜுலதான்" என்றாள்.

மிருதுளா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலுவலரிடம் போனாள். தப்பாகத் தொட்டுவிட்டாள், மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். அலுவலர் நல்ல மனிதர், தினமும் இப்படி நாலு பேரைப் பார்க்கிறவர். மாற்றிக்கொள்ளத் தடையில்லை என்று நிதானமாகச் சொன்னார்.

"தாராளமாத் தொழிலுக்கே போகட்டுங்கக்கா. ஆனா நகல் அந்த வழியில கெளம்பி இருவது நிமிஷமாச்சுங்க. ரெண்டு பேரும் ஒரே வழியில போறதுக்கு நகல் எதுக்குங்க? அத அணச்சிருவோம். ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னாப் போதும்."

காகிதத்தை எடுத்து நீட்டினார். மிருதுளா பேனாவைக் கேட்டு வாங்கி மகளிடம் கொடுத்தாள். அப்போதே, நின்ற இடத்திலேயே, உள்ளே நடந்ததை எல்லாம் சொன்னாள். ஆறு பேர் என்று ஒப்புக்கொண்டதை, தோட்டை, மாடிப்படி எண்ணுவதை, பவளம் அழுவதை. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு கண்ணு, போட்டுரு, நாளையிலிருந்தே பட்டறைக்கு வந்துரு என்றாள். மகள் முன்னால் அவள் தன் தப்பை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வடிவு பேனாவைத் திறக்கவில்லை. "இப்ப அவ எங்க இருப்பாளுங்க?" என்று அலுவலரைக் கேட்டாள்.

பார்க்கக் கூடாது என்று சட்டம், ஆனால் தொழில் வழி என்றால் அங்கே இருக்கும் அம்மாவின் பட்டறையில்தான் கண் விழித்திருக்கும் என்றார் அவர். இந்நேரம் இடுப்புக் கயிறு கட்டியிருப்பார்கள்.

வடிவின் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. வடிவு பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"அவளாவது ஏறட்டும்மா. நான் படிச்சுக்கறேன்."

மிருதுளா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அது வெறும் நகல்தானே என்று கூடச் சொன்னாள். சொன்ன மறுகணமே, சற்றுமுன் அந்த வெறும் நகலோடு சேர்ந்து தான் அழுதது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். அலுவலர் காகிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு, அறுபத்து ஆறைக் கூப்பிட்டார்.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நிழலில் நின்ற பிறகு மிருதுளா மகளின் தலையைத் தடவினாள்.

"ஒண்ணு மட்டும் கேளு சாமி. அடுத்த வருஷம் அவகிட்டப் பேசறப்ப உள்ளதச் சொல்லோணும். படிப்பு புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லிரு. என்னையாட்டம் பண்ணாத."

வடிவு யோசித்தாள். "அதெப்புடிமா? அவளுக்காகத்தான் நான் இங்க கெடந்து படிக்கறேன்னு தெரிஞ்சா, அவளுக்கு அங்க ஏறறதுக்கு மனசு வருமா? நல்லா இருக்கறேன்னே சொல்லிக்கறேன்."

"செரி, அவளுக்கே அந்த வேல ஒத்துவரலைன்னா? உன்ற கையெழுத்து ஒண்ணுல அணஞ்சு போயிருக்கவேண்டியவ அவ. அவளாவது வாயத் தொறந்து சொல்லுவாளா?"

"சொல்ல மாட்டாமா" என்றாள் வடிவு. "அவள அங்க அனுப்பிச்சுட்டமேன்னு நான் வருத்தப்படுவேன்னு அவளுக்குத் தெரியுமில்ல."