பிணத்தின் பையில் இரங்கல் கடிதம்

பிக்கப் டிரக்கின் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்தபடி செத்துக் கிடந்தார் ஹோசியா டால்பெர்ட்.

வயது அறுபத்தொன்று. டயாலிசிஸ் கிளினிக்கின் வாசலிலேயே, வண்டி நிறுத்துமிடத்தில். கதவு பதினைந்து அடி தூரத்தில்தான் இருந்தது!

சட்டைப்பையில் ஒரு கடிதம். அதைப் பிரித்துப் படித்த போலீஸ் டெபுடி ரூஃபஸ் மாப்ரிக்கு அலபாமாவின் ஜூன் வெயிலிலும் முதுகு சில்லிட்டது.

'அன்பான டால்பெர்ட் குடும்பத்தாருக்கு... திரு. ஹோசியா டால்பெர்ட்டின் மறைவுச் செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறேன்...'

கீழே எம்.பி.யின் கையெழுத்து. எர்னஸ்டின் காட்ஸ்டன்.

கடிதத்தின் தேதி... பன்னிரண்டு நாள் முந்தையது!

*

பகல் பதினொன்று. தேர்தல் நாள்.

எம்.பி.யின் தொகுதி அலுவலகத்தில் லவோன் பெட்வே மட்டும்தான் இருந்தாள். மற்ற எல்லோரும் வாக்குச்சாவடிகளுக்குப் போயிருந்தார்கள். மருத்துவ அட்டை நின்றுபோச்சு, பென்ஷன் வரலை என்று வருகிறவர்களின் மனுக்களைக் கவனிப்பது அவள் வேலை. பதினோரு வருட சர்வீஸ்.

டெபுடி ரூஃபஸ் தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"இது இந்த ஆபீஸ்ல இருந்து போனதா?"

"ஆமா. எங்க லெட்டர்தான். யாராவது இறந்துட்டா குடும்பத்துக்கு அனுப்புவோம்... ஐயோ, ஹோசியா அண்ணன் போயிட்டாரா?"

"காலைல ஆறு மணிக்கு. டாக்டர் சொல்லிட்டார்."

"ஆறு மணிக்கா? அப்ப இந்தத் தேதி...?"

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன்! உங்க எம்.பி. பன்னெண்டு நாள் முன்னாடியே துக்கம் விசாரிச்சிருக்காங்க. அவ்வளவு முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுது?"

லவோன் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துத் தேதியை மறுபடி பார்த்தாள்.

"அவர் எப்படிச் செத்தார்?"

"வியாழன், சனி ரெண்டு தடவையும் கிளினிக்ல திருப்பி அனுப்பிட்டாங்களாம். கம்ப்யூட்டர்ல 'இறந்தவர்'னு காட்டுதாம். செத்தவனோட அட்டைக்கு எப்படி டயாலிசிஸ் பண்றதுன்னு கேட்டிருக்காங்க. இன்னிக்கும் வந்து பாத்திருக்கார். முடியலை."

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆனால் அதைப் போன வருடம் மூடிவிட்டார்கள். அடுத்த ஆஸ்பத்திரி ஐம்பது மைல்.

"எம்.பி. வந்ததும் சொல்லும்மா. எங்க மேலதிகாரி ஷெரீஃப் பேசணுமாம். நீயும் ஊரைவிட்டு எங்கயும் போகாதே."

டெபுடி போய்விட்டார்.

டெபுடியிடம் லவோன் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. அந்தக் கடிதத்தை அனுப்பியவள் அவளேதான்!

*

வழக்கமாக உள்ளூர் வாரப் பத்திரிகையின் மரண அறிவிப்புகளைப் பார்த்துத்தான் இரங்கல் கடிதம் எழுதுவார்கள். போன மாதம் அந்தப் பத்திரிகையே கண்ணை மூடிவிட்டது. வேறு வழியில்லாமல், வாக்காளர் பட்டியலில் 'இறந்தவர்' என்று அடித்த பெயர்களை மாவட்ட நிர்வாகமான கவுண்டி அலுவலகத்தில் கேட்டு வாங்கினாள். தேர்தல் நெருக்கடி. பட்டியலை மெஷினில் ஏற்றிப் பட்டனைத் தட்டினாள். கடிதத்தை மெஷினே அச்சடித்தது. எம்.பி.யின் கையெழுத்தையும் மெஷினே போட்டது.

ஒரு பெயரைக்கூட அவள் படிக்கவில்லை.

இப்போது படித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்! மாதத்துக்கு முப்பது பேர் சாகிற ஊரில்!

முதல் பெயருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது... அடித்தது...

"ஹலோ?"

செத்தவர் எடுத்தார்!

லவோன் ரிசீவரைப் போட்டுவிட்டாள். இரண்டாவது எண்.

"யாருங்க? மீன் பொரிச்சிட்டிருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க."

மூன்றாவது... நான்காவது... ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள்! இருவரைக் காலையில் வாக்குச்சாவடியில் 'உன் பேரே இல்லை' என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அதைவிடப் பயங்கரமான ஒன்று பட்டியலிலேயே இருந்தது. அத்தனை பேரையும் லவோனுக்குத் தெரியும்! இதே நாற்காலியில் உட்கார்ந்து மனு கொடுத்தவர்கள். பிறந்த தேதி, அட்டை எண் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள். அந்த மனுக்கள் மூலையில் இருக்கிற இரும்பு அலமாரியில்தான் பூட்டிக் கிடக்கின்றன.

சாவிகள் மூன்று. ஒன்று லவோனிடம். ஒன்று இந்த அலுவலகத்தை நிர்வகிக்கிற தர்மன் கேட் வசம். அவர் மூன்று வாரமாக வாஷிங்டனில் இருந்துவிட்டு நேற்று ராத்திரிதான் திரும்பினார்.

இன்னொன்று... எம்.பி.யிடம்.

சுவரில் மாட்டிய படத்தில் எர்னஸ்டின் காட்ஸ்டன் சிரித்துக்கொண்டிருந்தார். பதினான்கு வருடம். ஏழைகளின் மருத்துவ அட்டையில் கை வைத்த ஒவ்வொரு மசோதாவுக்கும் எதிர் ஓட்டு. மூடிய ஆஸ்பத்திரியின் வாசலில் மூன்று நாள் தர்ணா. வாக்குரிமை மசோதாவை ஏழு தடவை கொண்டுவந்து ஏழு தடவையும் தோற்றவர்.

'மேடமா? இருக்காது... இருக்கவே கூடாது!'

ஆனால் இன்னொரு சாவி அவரிடம்தானே இருக்கிறது?

*

ஏழாவது பெயர் ஜெனீவா க்ரென்ஷா. வயது எழுபது. அவரும் டயாலிசிஸ் நோயாளி!

"மிஸ் ஜெனீவா? நான் லவோன். எம்.பி. ஆபீஸ்."

"அப்பாடா! இப்பவாவது கூப்பிட்டியே கண்ணு! நாலு தடவை மெசேஜ் வெச்சேன், ஒருத்தரும் திரும்பிக் கூப்பிடலை."

லவோன் மெசேஜ் பெட்டியைப் பார்த்தாள். காலி! யாரோ அழித்திருந்தார்கள்.

"வியாழக்கிழமையும் திருப்பி அனுப்பிட்டாங்க, சனிக்கிழமையும் அனுப்பிட்டாங்க. கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. மூச்சு வாங்குது. நாலு மணிக்கு எனக்கு முறை. இன்னிக்கும் விடலைன்னா... நாளைக்கு நான் இருக்கமாட்டேன் கண்ணு."

"விடுவாங்க. நான் பாத்துக்கறேன்."

"போனை வெச்சுடாதே! பயமா இருக்கு. யாரோட குரலாவது கேட்டுட்டே இருக்கணும்."

"வெக்கமாட்டேன், மிஸ் ஜெனீவா. ஸ்பீக்கர்ல போட்டுட்டு இன்னொரு போன்ல மேடத்தைக் கூப்பிடறேன். நீங்க பேசாம இருங்க, மூச்சை வீணாக்காதீங்க."

செல்போனை எடுத்தாள். எம்.பி. எடுக்கவில்லை. 'உயிரோட இருக்கறவங்களுக்கு இரங்கல் லெட்டர் போயிருக்கு. ஹோசியா செத்துட்டார். உடனே வாங்க' என்று அவருக்கும் தர்மனுக்கும் செய்தி அனுப்பினாள்.

மூன்றே நிமிடத்தில் கதவு திறந்தது.

தர்மன் கேட்!

ஆறடி இரண்டங்குலம். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கையில் ஐஸ் டீ. ஊரில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் சவப்பெட்டியைத் தூக்குகிறவர்.

"பயந்துட்டியா லவோன்? முதல்ல இதைக் குடி."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருடமாக அண்ணன் மாதிரி பழகியவர் ஆயிற்றே!

"சார்... என்ன நடக்குதுன்னே புரியலை."

"எல்லாம் சரியாயிடும். ஆனா நீ செஞ்சது தப்பும்மா. யாரு உன்னைக் கவுண்டி லிஸ்ட்டை வெச்சு லெட்டர் அனுப்பச் சொன்னது? பேப்பர்ல வந்தாத்தானே நாம அனுப்புவோம்?"

டீ கிளாஸ் அவள் உதட்டருகிலேயே நின்றது.

கவுண்டி லிஸ்ட்!

செய்தியில் அவள் அந்த வார்த்தையையே எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மூன்று வாரமாக ஊரில் இல்லாத மனிதருக்குப் பத்திரிகை மூடியதுகூடத் தெரியவில்லை. ஆனால் உயிரோடு இருப்பவர்கள் எந்தப் பட்டியலில் செத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது!

அவள் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார். மெதுவாகப் போய்க் கதவைத் தாழிட்டார். ஜன்னல் திரையை இறக்கினார். இடுப்பிலிருந்து எடுத்த துப்பாக்கியை அலுங்காமல் மேஜைமேல் வைத்தார்.

"நீ எப்பவுமே கெட்டிக்காரிதான், லவோன்."

"நீங்களா சார்...?"

"யாரும் சாகணும்னு நான் நினைக்கலை. சத்தியமா! இந்தப் பேரையெல்லாம் இன்னிக்கு ஒருநாள் ஓட்டு லிஸ்ட்ல இருந்து தூக்கணும், அவ்வளவுதான். சொந்தக்காரங்க எழுதற மாதிரி, 'எங்க அப்பா இறந்துட்டார்'னு ஆளுக்கு ஒரு ஃபாரம். பிறந்த தேதி, அட்டை நம்பர் எல்லாம் நம்ம அலமாரியிலேயே இருந்துச்சு. வாஷிங்டன் போறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எழுதி முடிச்சுட்டேன். கவுண்டிக்காரன் அதை மருத்துவ அட்டை ஆபீசுக்கும் அனுப்புவான்னு எனக்கு என்ன தெரியும்?"

"போன தடவை மேடம் ஜெயிச்சது முந்நூத்தி நாப்பது ஓட்டுலதான்..."

"அதான் நானூத்திப் பன்னெண்டு! இவங்க தோத்தா அடுத்த தடவை சீட்டு எனக்குன்னு எதிர் கோஷ்டி வாக்குக் குடுத்திருக்கு. பதினாலு வருஷம், லவோன்! ஏழு தடவை அந்த வாக்குரிமை மசோதாவை எழுதினது யாரு? நான். ஆஸ்பத்திரி வாசல்ல பேசின பேச்சை எழுதினது யாரு? நான். கைத்தட்டல் யாருக்கு? அவங்களுக்கு!"

"ஹோசியா அண்ணன் செத்துட்டாரே சார்! அவரும் மெசேஜ் வெச்சிருப்பாரே!"

"வெச்சார். ரெண்டு. வாஷிங்டன்ல இருந்தே அழிச்சேன்." அவர் குரல் ஒரு கணம் உடைந்தது. பிறகு துப்பாக்கியைக் கையில் எடுத்தார். "அலமாரியைத் திற. ஃபைல் எல்லாத்தையும் என் காருக்கு எடுத்துட்டு வா. நீயும் ஏறிக்கோ."

"எங்க?"

"ஆத்துப் பக்கம். ஒருத்தருக்கு இரங்கல் லெட்டர் போட்டுட்டு உயிரோட விட்டா வம்புன்னு இப்பத்தானே தெரிஞ்சுது."

லவோன் அலமாரியிடம் போனாள். சாவி பூட்டுக்குள் நுழையாமல் தடுமாறியது. ஒருமுறை... இருமுறை...

"சீக்கிரம்! இங்க நடந்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"எனக்கும் தெரியும் தம்பி!"

தர்மன் துள்ளித் திரும்பினார். அறையில் வேறு யாருமே இல்லை!

"யாரு? யாருடி அது?"

மேஜைமேல் இருந்த போன் மூச்சு வாங்கியது.

"ஜெனீவா க்ரென்ஷா. உன் லிஸ்ட்டுப்படி நான் செத்துப் பதினஞ்சு நாள் ஆச்சு. ஆனா காது மட்டும் நல்லாவே கேக்குது! முப்பது வருஷம் கோர்ட்டுல சுருக்கெழுத்து எழுதினவ நான். நீ சொன்னதுல ஒரு வார்த்தை விடலை. 'அதான் நானூத்திப் பன்னெண்டு'ன்னியே, அதுக்குக் கீழே ரெண்டு கோடு போட்டிருக்கேன்."

தர்மன் போனை நோக்கிப் பாய்ந்தார்.

"அதைப் புடுங்கிப் பிரயோஜனமில்லை தம்பி. இன்னொரு காதுல செல்போன் வெச்சிருக்கேன். லைன்ல ரூஃபஸ். என் சண்டே ஸ்கூல்ல படிச்சவன், சொன்ன பேச்சு கேப்பான்."

கதவு உடைந்தது!

*

மணி நான்கு பத்து. கிளினிக்.

தர்மனை லாக்கப்பில் தள்ளிவிட்டு, டெபுடியே சைரன் போட்டு மிஸ் ஜெனீவாவைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். வழியில் வாக்குச்சாவடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்ததில் பன்னிரண்டு நிமிடம் தாமதம்.

வரவேற்பறையில் எம்.பி. எர்னஸ்டின் காட்ஸ்டன் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் சொல்லட்டுங்க! நான் என் கண்ணால பாத்துட்டிருக்கேன், அந்தம்மா என்னை முறைக்கறாங்க! செத்தவங்க முறைப்பாங்களா? நீங்க எழுதிக் குடுக்கற வரைக்கும் நான் இங்கிருந்து நகரமாட்டேன்!"

இயந்திரம் ஓடத் தொடங்கியது. குழாயில் ரத்தம் நகர்ந்தது. லவோன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரைப் படிக்காம அனுப்பினது நான்தான் மேடம். படிச்சிருந்தா ஹோசியா அண்ணன் இருந்திருப்பார்."

எம்.பி. அவள் தோளைப் பிடித்தார். அவர் கண்களும் ஈரமாக இருந்தன.

"கையெழுத்து என்னோடது, லவோன். நானும்தான் படிக்கலை. இனிமே அந்த மெஷின் வேண்டாம். நானே எழுதறேன். முதல் லெட்டர் ஹோசியா வீட்டுக்கு. நாமளே நேர்ல கொண்டுபோய்க் குடுப்போம்."

பிறகு படுக்கையருகே குனிந்தார்.

"மிஸ் ஜெனீவா, உங்ககிட்ட நான் எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னே தெரியலை."

கிழவி கைப்பையிலிருந்து நான்காக மடித்த இரங்கல் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"மன்னிப்பெல்லாம் கிடக்கட்டும். 'அமைதியே உருவானவர், அதிர்ந்து பேசாதவர்'னு என்னைப் பத்தி எழுதியிருக்கே... அதை மட்டும் அடிச்சுடு. நெஜமாவே செத்த அன்னிக்கு ஊர்ல ஒருத்தனும் நம்பமாட்டான்!"