பெத்லகேமில் இரண்டு ராட்டினங்கள்

பெத்லகேமில் ராட்டினம் இருந்ததா என்று யாரும் கேட்கக் கூடாது. ஜெசிகா வீட்டுப் பெத்லகேமில் இருந்தது. டைனோசரும் இருந்தது. அது தம்பி ஆஸ்வினுடையது. ஆட்டு மந்தைக்கு அதுதான் காவலாம்.

மயிலாப்பூரில் மாடி வீடு அது. கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் ஹாலில் பாதி இடத்தை, இயேசு பிறந்த பெத்லகேம் குடில் பிடித்துக்கொள்ளும். பழுப்புத் தாளைக் கசக்கி மலை செய்வார்கள். முகம் பார்க்கும் கண்ணாடிதான் குளம். குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்கள் மட்டும் குடிலில் இருக்க மாட்டார்கள். அவர்கள் வாசலில், செருப்பு ஸ்டாண்டின் மேல் நிற்பார்கள். அப்பா ஃபிரெட்ரிக் தினமும் அவர்களை ஒரு சாண் முன்னால் நகர்த்தி வைப்பார்.

"தூரதேசத்துல இருந்து ஒட்டகத்துல வர்றவங்க. நேரம் ஆகத்தானே செய்யும்?" என்பார்.

ராஜாக்கள் திருநாள் அன்றுதான் அவர்கள் குடிலுக்கு வந்து சேர வேண்டும். அப்பா பள்ளியில் சரித்திர ஆசிரியர். இதில் அவசரமே கூடாது அவருக்கு.

மலையில் வைக்கும் புல் மட்டும் கீழ்வீட்டுப் பொறுப்பு. கீழ்வீட்டு மஹ்விஷ் ஜெசிகாவின் உயிர்த்தோழி. வருஷா வருஷம் அவள் தட்டில் கேழ்வரகை முளைக்க வைத்து, பச்சைப் பசேலென்று கொண்டுவந்து தருவாள். பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவில் பொம்மை ராட்டினம் வாங்கியபோதுகூட, இருவரும் ஒரே மாதிரி ஆளுக்கொன்று வாங்கினார்கள். அவ்வளவு ஒட்டு!

இந்த வருஷம் எல்லாம் கெட்டுப்போயிற்று. மஹ்விஷின் அப்பா ஷரஃபுதீன் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். அந்தக் கடை ஆதம்பாக்கத்துக்கு மாறுகிறது. கூடவே வீடும் மாறுகிறது.

மஹ்விஷ் இதைச் சொன்னதும் ஜெசிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"போறியா? போ! எனக்கின்னா?"

சொல்லிவிட்டு மாடிப்படி ஏறி ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, கதவைத் திறந்தால் வாசலில் புல் தட்டு இருந்தது. மஹ்விஷைக் காணோம். ஜெசிகா புல்லை மலையில் வைத்தாள். நன்றி சொல்லக் கீழே போகத்தான் கால் வரவில்லை.

இதற்கிடையே ராட்டினம் வேறு தொல்லை கொடுத்தது. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் சுற்றும். அதில் உட்கார்ந்திருக்கும் குட்டி குட்டி பிளாஸ்டிக் மனிதர்களும் ஜம்மென்று சுற்றுவார்கள். ஆனால் அரை நாளில் பேட்டரி காலி. ஆஸ்வின் உடனே டிவி ரிமோட்டில் இருந்து உருவினான். அடுத்து சுவர்க் கடிகாரத்தில் இருந்து உருவினான். நின்றுபோன கடிகாரத்தை நம்பி அப்பா பூசைக்குப் போனார். அங்கே எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"இனிமே இந்த வீட்ல ஒரு பேட்டரியும் ராட்டினத்துக்குக் கிடையாது!" என்று அம்மா ஐரின் சொல்லிவிட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான்.

பரண் மேல் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் பிஸ்கட் இருந்து யாரும் பார்த்ததில்லை. உடைந்த போன்களின் சார்ஜர், கெட்டுப்போன மோடத்தின் அடாப்டர், எதனுடையது என்றே தெரியாத அடாப்டர் எல்லாம் பாம்புக் கூட்டம் போலப் பின்னிக் கிடந்தன.

"இதுல ஒண்ண வெச்சு ராட்டினத்தைச் சுத்தவிடலாமே!" என்றாள் ஜெசிகா.

"நான் பண்றேன். நீங்க ரெண்டு பேரும் பிளக் பக்கம் கை வைக்கக் கூடாது" என்ற அப்பா, இருப்பதிலேயே பெரிய அடாப்டரைத் தேர்ந்தெடுத்தார். அதன் ஒயர் நுனியை வெட்டி, ராட்டினத்தின் ஒயரோடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினார். பிறகு பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டார்.

விர்ர்ர்ரென்று ஒரு சத்தம்! ராட்டினம் ஹெலிகாப்டர் ஆகிவிட்டது. பிளாஸ்டிக் மனிதர்கள் நாலா பக்கமும் பறந்தார்கள். ஒருவர் குளத்தில் விழுந்தார். ஒருவர் டைனோசர் மேல் உட்கார்ந்தார். ஒருவர் நேராகத் தீவனத் தொட்டிக்குள், குழந்தை இயேசுவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்.

"ராஜாக்களுக்கு முன்னாடி இவரு வந்துட்டாரு!" என்று ஆஸ்வின் கை தட்டினான்.

அப்பா பாய்ந்து சுவிட்சை அணைத்தார். லேசாகப் புகை வாசனை வந்தது. நல்லவேளை, மோட்டார் தப்பித்தது.

"இன்னாப்பா நீங்க, எழுதிக்கீறதைப் படிக்காம!" ஜெசிகா அடாப்டரைத் திருப்பினாள். எறும்பு சைஸ் எழுத்தில் 12 வோல்ட் என்று இருந்தது. பேட்டரி ஒன்றுக்கு ஒன்றரை வோல்ட். இரண்டு சேர்ந்தால் மூன்றுதான். "மூணு கேக்கிறதுக்குப் பன்னெண்டு குடுத்தா பறக்காம இன்னா பண்ணும்?"

அப்பா தலையைச் சொறிந்துகொண்டார்.

ஜெசிகா டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பன்னிரண்டு, ஒன்பது, ஐந்து. இருப்பதிலேயே சின்னது அம்மாவின் பழைய போன் சார்ஜர், ஐந்து வோல்ட். மூன்று எங்கேயும் இல்லை. சார்ஜரை இணைத்துப் பார்த்தார்கள். ராட்டினம் பறக்கவில்லை, ஆனால் தடதடவென்று ஆடியது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் சூடாகிவிட்டது.

ஜெசிகா ராட்டினத்தின் பேட்டரிப் பெட்டியைத் திறந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பேட்டரியும் ஒன்றின் பின் ஒன்றாக இணைவதற்கு அதில் இடம் இருந்தது.

"அப்பா, பேட்டரி ரெண்டு அடுத்தடுத்து நின்னா வோல்ட் கூடுது. அப்போ ராட்டினம் ரெண்டு அடுத்தடுத்து நின்னா, வோல்ட் பங்கு போகும்ல? அஞ்சுல பாதி ரெண்டரை. கொஞ்சம் மெதுவா சுத்தும், பரவால்ல."

"போகும்னுதான் தோணுது. ஆனா இன்னொரு ராட்டினத்துக்கு எங்க போறது?"

ஜெசிகாவுக்குத் தெரியும். அது கீழ்வீட்டில் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மஹ்விஷ் வீடு மாறும் நாள்.

ஜெசிகா அப்போதே கீழே இறங்கிப் போனாள். கீழ்வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். மஹ்விஷ் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"புல்லு நல்லாருந்துச்சு" என்றாள் ஜெசிகா.

"ம்."

"உன் ராட்டினம் வேணும்."

"ஏன்? உன்கிட்டதான் ஒண்ணு கீதே!"

சார்ஜர் கதையைச் சொல்லத்தான் ஜெசிகா வாயைத் திறந்தாள். அழுகைதான் முதலில் வந்தது. "போன்னு சொன்னேன்ல, அது பொய்டி. நீ போறது எனக்குப் புடிக்கல. ஸ்கூல் விட்டு வந்தா நான் யாரு கூட விளையாடுவேன்? அதான் கோவம் வந்துடுச்சு. சாரிடி."

மஹ்விஷும் அழுதாள். "எனக்கு மட்டும் புடிச்சா போறேன்? லூசு!"

மூக்கைத் துடைத்துக்கொண்டு இருவரும் ராட்டினத்தைத் தேடினார்கள். அது டேப் ஒட்டிய பெட்டியின் அடியில் இருந்தது.

"யா அல்லா, இப்பதானே ஒட்டினேன்!" என்றாள் மஹ்விஷின் அம்மா குல்சும். ஆனால் கத்தியை எடுத்து டேப்பை வெட்டியதும் அவள்தான்.

மாடியில் அப்பா ஒயர்களை இணைத்தார். சார்ஜரில் இருந்து ஜெசிகாவின் ராட்டினம், அதில் இருந்து மஹ்விஷின் ராட்டினம், அங்கிருந்து திரும்பவும் சார்ஜர். கை கோத்து நின்ற மாதிரி ஒரு வட்டம். சுவிட்சைப் போட்டதும் இரண்டு ராட்டினங்களும் நிதானமாக, அழகாகச் சுற்றின. யாரும் பறக்கவில்லை.

ஆஸ்வின் ஒன்றை விரலால் பிடித்தான். மற்றது வேகம் எடுத்தது.

"இதோட பங்கையும் அது சாப்பிடுது. விடுடா!" என்றாள் ஜெசிகா.

அப்பா ஒரு ஒயரைக் கழற்றிக் காட்டினார். இரண்டும் ஒன்றாக நின்றன.

மறுநாள் வாசலில் குட்டி யானை மினி லாரி வந்து நின்றது. சாமான் எல்லாம் ஏறிவிட்டது. மஹ்விஷ் மட்டும் மாடிக்கு ஓடி வந்தாள்.

"ராட்டினம் இங்கயே இருக்கட்டும் ஜெசி. என்னோடது இல்லன்னா உன்னோடது சுத்தாதே."

ஜெசிகா குடிலைப் பார்த்தாள். செருப்பு ஸ்டாண்டில் இருந்து கிளம்பிய ராஜாக்கள் டிவி மேசையைத் தாண்டியிருந்தார்கள். அவள் மஹ்விஷின் ராட்டினத்தைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தாள்.

"எடுத்துக்கினு போ."

"அப்போ உன்னோடது?"

"நீ வர்ற வரைக்கும் சும்மா நிக்கட்டும். ராஜாக்கள் திருநாளுக்கு வந்துடணும். ஒட்டகத்துல அவங்களே வராங்க, வேளச்சேரி ரயில்ல வர உனக்கின்னா கஷ்டம்?"

மஹ்விஷ் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ராட்டினத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

அடுத்த ஞாயிறுதான் ராஜாக்கள் திருநாள். அதுவரை ஜெசிகாவின் ராட்டினம் அசையவே இல்லை. பிளாஸ்டிக் மனிதர்கள் பாவம், வரிசையில் நிற்பவர்கள் போலக் காத்திருந்தார்கள். அம்மா மனம் இளகி இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தாள். ஜெசிகா அதைக் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போட்டுவிட்டாள்.

ராஜாக்கள் திருநாள் அன்று காலை, அப்பா கடைசி ஒரு சாண் நகர்த்தி மூன்று ராஜாக்களையும் குழந்தை இயேசுவின் முன்னால் நிறுத்தினார். அதே நேரம் அழைப்பு மணி அடித்தது. ஜெசிகா ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள்.

ஆதம்பாக்கத்தில் இருந்து, கையில் ஒரு ராட்டினத்தோடு, நான்காவது ராஜா வந்திருந்தாள்.