கேட்கிறவர்கள் வரிசை

"பல்லிக்கு வால் திரும்ப முளைக்குதே மிஸ்… நமக்கு ஏதாவது அப்படி முளைக்குமா?"

மூன்றாம் வகுப்பு வேதா ஜூன் மாதத்தில் கேட்டது. "நகமும் முடியும்தான். உட்காரு" என்று சொல்லிப் பாடத்துக்குப் போய்விட்டாள் யூனிஸ்.

அந்தப் பதில் தப்பென்று நவம்பர் மழையில், தாம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அப்பா சத்தியநாதனுக்குப் போன வருடமே பெருங்குடலில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று. இப்போது கல்லீரலின் வலது பக்கத்தில் இரண்டு புள்ளிகள்.

"அந்தப் பக்கத்தையே எடுத்துடலாம்மா. மிச்சம் இருக்கற கல்லீரல் ரெண்டு மூணு மாசத்துல வளர்ந்துடும். ஆனா தள்ளிப் போடாதீங்க. இன்னும் பரவினா கத்தி வைக்கவே முடியாது. வியாழக்கிழமை ஆபரேஷன். அதுக்குள்ள ஆறு பேர் ரத்தம் குடுத்தாகணும்."

எந்த குரூப் ஆனாலும் சரியாம். கொடுப்பது பொதுவில் சேரும். அப்பாவுக்கு வேண்டியதை அவர்கள் எடுத்துத் தருவார்கள்.

ஆறு பேர்! சபையில் ஒரு வார்த்தை சொன்னால் அறுபது பேர் வந்து நிற்பார்கள். அப்பா விட்டால்தானே?

"குடல் வியாதின்னு ஜெபக் குறிப்புல வாசிப்பாங்க. அப்புறம் நான் எப்படிக் கோயிலுக்குள்ள நுழையறது?"

ரயில்வே ஆபீசில் முப்பது வருடம் யாரிடமும் ஒரு பேனாகூட இரவல் கேட்காத மனிதர். ஆண்டவரே, இவரை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்ய!

பள்ளியில் அவளோடு வேலை பார்க்கும் லாசரஸ் சார் மட்டும் சத்தமில்லாமல் வந்து ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். மீதி ஐந்து.

செவ்வாய்க்கிழமை காலை. சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு ரத்த வங்கி வாசலில் ஒரு மணி நேரமாக அவள் நிற்க, மீன் வாசத்தோடு ஒருவன் விசிலடித்தபடி நேரே உள்ளே போனான்.

"ஹலோ மிஸ்டர்! நாங்கல்லாம் வரிசையில நிக்கறது கண்ணு தெரியலையா?"

அவன் திரும்பினான். மழையில் நனைந்த இமைகள்… அதற்குள் சிரிக்கிற கண்கள். பார்த்ததும் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"இது குடுக்கறவங்க வழிங்க. நீங்க நிக்கறது கேக்கறவங்க வரிசை."

சுருக்கென்றது. "நானும் குடுக்கத்தான் போறேன்!" என்று அவனைத் தள்ளாத குறையாக முன்னால் போனாள். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். "ஹீமோகுளோபின் பத்துதான் இருக்கு. உங்களுக்கே பத்தாது. எடுக்க முடியாதும்மா."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எத்தினி பேர் வோணும்?" பக்கத்தில் அவன்தான்.

"அஞ்சு பேர். உங்களுக்கு எதுக்கு?"

"சொந்தக்காரங்க யாரும் இல்லியா?"

"இருக்காங்க. அப்பா சொல்லக்கூடாதுன்னுட்டார். குடல்ல வந்த வியாதியாம்… வெக்கமாம்."

"அட இன்னா பேஜாருங்க இது! எங்க குப்பத்துல ஒருத்தனுக்கு மூலம்னாகூட மைக் கட்டிச் சொல்லிடுவாங்க."

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் அவன்மேல்தான் கோபம் வந்தது.

தனசேகர். கானத்தூர்க் குப்பத்திலிருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோவில் மீன் கொண்டுவருகிறவன். "எங்கம்மா அங்காளம்மாவுக்கு இங்கதான் வயித்துல ஆபரேஷன். அப்ப யாரோ நாலு பேர் குடுத்தாங்க. மூஞ்சிகூடத் தெரியாது. அதான் மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்துடுவேன். இன்னிக்கு உங்க அப்பா பேர்ல எழுதிக்கச் சொல்றேன் டீச்சர்."

"நான் டீச்சர்னு எப்படித் தெரியும்?"

"வரிசைல நில்லுன்னு வேற யார் அதட்டுவாங்க?"

மறுநாள் குப்பத்து நண்பர்கள் நால்வரை ஆட்டோவில் ஏற்றிவந்தான். ஆறும் நிறைந்தது. அத்தோடு போயிருக்கலாம். கைலியும் கையில் பஞ்சுமாக வார்டுக்குள் வந்து, "பெரியவரே, தெகிரியமா இருங்க!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பா சம்மதப் படிவத்தைத் தள்ளி வைத்தார். "முன்பின் தெரியாத மீன்காரங்ககிட்ட நான் கடன்படறதா? ஆபரேஷனே வேண்டாம்."

அவ்வளவுதான். யூனிஸுக்குப் பொறுமை போயிற்று.

"தினமும் காலையில 'ரத்தத்தாலே மீட்டீரே'ன்னு ஜெபிக்கறீங்களே அப்பா… அதை என்ன விலை குடுத்து வாங்கினீங்க? ஆண்டவர்கிட்ட மட்டும் சும்மா வாங்கலாம், மீன்காரர் குடுத்தா மானம் போயிடுமா? அந்த ஆண்டவரே மீன்காரங்களைத்தானே முதல்ல கூப்பிட்டார்!"

அப்பா தள்ளி வைத்த படிவத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். "பேனா குடும்மா."

வியாழக்கிழமை ஏழு மணி நேரம். டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா எடுத்தாச்சு" என்றபோது யூனிஸ் அங்கேயே மண்டியிட்டாள்.

பத்தாம் நாள். தினமும் அங்காளம்மா கைப்பக்குவத்தில் சுடுகஞ்சி கொண்டுவந்த தனசேகரைப் பார்த்து, "தம்பி, மீன் குழம்பு எப்ப சாப்பிடலாம்னு டாக்டரைக் கேளுங்க" என்றார் அப்பா. யூனிஸும் அவனும் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது தூறல் போட்டது. ஒரே குடை. ஜி.எஸ்.டி. ரோடுவரை நடந்தார்கள்.

"நாளைக்கு டிஸ்சார்ஜ். அப்புறம் நான் வர்றதுக்குக் காரணம் கிடையாது டீச்சர்…"

"ம்."

"அதான்… சொல்லலாம்னு…"

"சொல்லுங்க."

"இல்ல… ஒண்ணுமில்ல."

"ஐயோ! ஊருக்கே மைக் கட்டிச் சொல்ற ஆளுக்கு இதுமட்டும் வாயில வராதா? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். இதையும் நானே சொல்லணுமா?"

குடை அவன் கையிலிருந்து நழுவியது. இருவரும் நனைந்தார்கள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. யூனிஸ் யாரிடமும் சொல்லாமல் தனியாக ரத்த வங்கிக்குப் போனாள். மூன்று மாதமாக முருங்கைக்கீரையும் பேரீச்சையும் மாத்திரையும்… இப்போது பன்னிரண்டரை.

"எந்த பேஷன்ட்டுக்கு?" என்றார் கவுன்ட்டரில் புதிதாக வந்திருந்த பெண்.

"யாருக்குத் தேவையோ அவங்களுக்கு. பேர் எழுத வேண்டாம்."

வெளியே வந்தபோது கைப்பையில் போன் சிணுங்கியது. தனசேகர்தான்.

"இன்னா டீச்சர், பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரமா நிக்கிறேன். எங்க போயிட்டே?"

"கொஞ்சம் வேலை. இதோ வந்துட்டேன்."

முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டு, ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவன் திட்டுவதை இன்று மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ளலாம் என்று வேகமாக நடந்தாள்.