பழம் பார்க்கும் கை

கையின் சுவிட்சை அணைத்த பிறகும் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்தது.

சிவரஞ்சனி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டிலிருந்து சொட்டும் மழைச் சத்தமும், அடுப்புப் புகையும், ஜன்னல் இடுக்கில் நுழைந்த மூடுபனியின் ஈர வாடையுமாக, பொழுது சாயும் முன்பே வீடு இருண்டு கிடந்தது. கரண்டும் இல்லை. எஸ்டேட்டில் காப்பித் தோல் உரிக்கும் மெஷின் வலக்கையைத் தின்ற பிறகு, எலும்பில் திருகி, நரம்போடும் தசையோடும் இணைத்த இயந்திரக் கை இது. அது தொட்டால் அவளுக்குச் சூடு தெரியும், மெத்தென்றிருப்பதும் தெரியும். நன்றாகப் பழகிய வேலையை அதற்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அவளுக்குத் தெரிந்தது காப்பிப் பழம் பறிப்பதுதான். கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் காய், விட்டுவிடலாம். மெத்தென்று அமுங்கினால் திருகிப் பறிக்க வேண்டும். சீசன் முழுக்கச் சொல்லிக் கொடுத்தாள். பாவி, எவ்வளவு ஆசையாகச் சொல்லிக் கொடுத்தாள்!

மடியில் மகள் இலக்கியா காய்ச்சலோடு தூங்கினாள். அவள் நெற்றியிலிருந்து கையை எடுக்கப் பார்த்தாள் சிவரஞ்சனி. வரவில்லை. விரல்கள் கிளையைப் பிடிப்பதுபோல் முடியைப் பிடித்திருந்தன. இழுத்தாள். குழந்தையின் தலையும் சேர்ந்து வந்தது.

இடக்கையால் போனை எடுத்தாள். கையைக் கழற்றும் சாவி தேய்ந்துவிட்டதென்று, மாற்றி வர சேலம் போயிருந்தான் கணவன் ஜீவானந்தம்.

"ஏனுங்க, எங்க இருக்கீங்க? கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுங்க. நொம்பப் பயமா இருக்குதுங்க."

"ரோட்டுல மரம் உழுந்திருச்சு. பஸ்சு நவுரல. சுவிட்சை அமத்திப் பாரு."

"அமத்தித்தானுங்க இருக்குது."

லைன் அறுந்தது.

இடக்கையால் விரல்களைப் பிரித்தாள். அவள் நகம்தான் கிழிந்தது.

கட்டைவிரல் நெற்றியை அமுக்கியது. கெட்டி. விட்டது. மூக்குத் தண்டு. கெட்டி. விட்டது.

"அம்மா, கூசுது."

"கண்ணைத் தொறக்காத சாமி. ஆடாத."

குழந்தை அம்மா சொன்னபடி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

விரல் இமைமேல் வந்து நின்றது. அமுக்கியது. உருண்டை. வெதுவெதுப்பு. எல்லாம் அவளுக்கே தெரிந்தது, அவள் நரம்பிலேயே.

மெத்தென்றிருந்தது.

ஆள்காட்டி விரல் முடியை விட்டு, மெல்லக் கீழே இறங்கியது.