கிழக்கே ஒதுங்கிய வள்ளம்

"சேச்சி போலீஸ்ல இருந்தவங்கன்னு கருணேட்டன் சொன்னார். எங்க வள்ளத்தை யாரோ அவிழ்த்து விட்டுட்டாங்க."

எலீஸ்வா கரிமீன் முள்ளை இலையோரத்தில் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள். எதிரில் நின்ற இளைஞன் கஞ்சி மடிப்பு கலையாத வெள்ளை வேட்டியில் இருந்தான். தோளில் ஒரு தோல் பை. அதை ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தான்.

"உங்க வள்ளமா? இன்னைக்கு இந்தத் தீவுக்கே அது ஒண்ணுதான் தம்பி. நம்ம எல்லாரும்தான் மாட்டிக்கிட்டோம்" என்றாள் ஷைலஜா. அவள் எலீஸ்வாவின் பக்கத்து வீட்டுக்காரி, அழகு நிலையம் நடத்துபவள். எலீஸ்வா ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரு வழக்காவது கண்ணெதிரே நடக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள். கையைக் கழுவக்கூட நினைக்காமல் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டாள்.

அவன் பெயர் ஜோஜோ. விடுமுறைக்கு வந்திருந்த அண்ணி லின்சிக்கு அன்று இரவு திரும்பவும் தோஹாவுக்கு விமானம். அண்ணன் அங்கே காத்திருக்கிறான். பள்ளித்தோழி ஹசீனாவோடு கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு வேண்டும் என்று லின்சி கேட்டதால் அவன்தான் இருவரையும் காயல் நடுவிலிருந்த கருணனின் மீன்சாப்பாட்டுக் கடைக்கு அழைத்து வந்திருந்தான். நாலு மணிக்குள் அக்கரை சேர்ந்தாக வேண்டும். கருணனின் இன்னொரு வள்ளம் அக்கரையில் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசப்பட்டிருந்தது. அவர் மச்சானின் மோட்டார் படகுக்குப் போன் செய்தாயிற்று. ஆகாயத்தாமரையைக் கிழித்துக்கொண்டு அது எப்போது வந்து சேரும் என்று கருணனுக்கே தெரியவில்லை.

"என் கட்டு தானா அவிழாது சேச்சி" என்றார் கருணன். அது ஒன்றுதான் அவர் கவலை.

"யார்னு எனக்குத் தெரியும்" என்றான் ஜோஜோ. "அந்த ஹசீனாதான். வந்ததிலிருந்து, 'அவ போகலைன்னா என்ன குடி முழுகிடும்'னு என்கிட்ட சண்டை. சாப்பாட்டுக்கு நடுவுல போன் வந்துச்சுன்னு படித்துறைப் பக்கம் போனா. நீங்க ரெண்டு வார்த்தை கேட்டீங்கன்னா ஒத்துக்குவா."

"நான் அவிழ்த்திருந்தா உங்களையும் அதுல ஏத்தில்ல விட்டிருப்பேன்" என்று அடுத்த மேசையிலிருந்து ஹசீனா சொன்னாள். ஷைலஜா சிரித்துவிட்டு, உடனே துப்பறிபவளின் முகத்தை மாட்டிக்கொண்டாள்.

லின்சியின் இலையில் மரவள்ளிக்கிழங்கும் செம்மீனும் வைத்தபடியே இருந்தன.

மதியத்திலிருந்தே எலீஸ்வா அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேண்டுமென்று அல்ல. மூங்கில் தட்டி வைத்த அந்தச் சிறிய கூடத்தில் பார்க்க வேறு என்ன இருக்கிறது, ஜன்னலும் காயலும் அடுத்த மேசையும்தான். தண்ணீர் வேண்டுமா என்று கருணனின் மனைவி ஓமனா கேட்டால் ஜோஜோ பதில் சொன்னான். காரம் குறைவாக இருக்கட்டும் என்று அவனே சொன்னான். "பாஸ்போர்ட் என் பையில பத்திரமா இருக்கு, அண்ணி கையில குடுத்தா தொலைச்சிடுவாங்க" என்று சிரித்தான். அவன் கெட்டவன் போலவும் தெரியவில்லை. ஒரு பொருளை ஒப்படைக்க வேண்டிய இடத்தில் சேதமில்லாமல் ஒப்படைக்கும் அக்கறை அவனிடம் இருந்தது. அந்த அக்கறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் எங்கே பார்ப்பாள் என்று எலீஸ்வாவுக்குத் தெரியும். லின்சி தண்ணீரையே பார்த்தாள்.

"வள்ளம் இப்போ எங்கே?" என்று எலீஸ்வா கேட்டாள்.

ஷைலஜா ஜன்னலுக்கு ஓடினாள். "அதோ! கிழக்கே, உடைஞ்ச வரப்புக்கிட்ட ஆகாயத்தாமரைக்குள்ள சிக்கி நிக்குது. கயிறும் கூடவே தொங்குது."

"காத்து இருக்கா?"

"எங்கே? அடுப்புப் புகைகூட நேரா மேலே போகுது."

எலீஸ்வா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் இப்படி வாங்க. கருணா, ஓமனா, நீங்களும்தான்."

ஏழு பேரும் ஒரே மேசையைச் சுற்றி நெருக்கி அமர்ந்தார்கள். அறை இன்னும் சிறியதாயிற்று.

"ஷைலஜா, சாப்பிடறப்போ ஒரு கொக்கைக் காட்டினியே. ஞாபகம் இருக்கா?"

"ஆகாயத்தாமரை மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு போச்சே, டிக்கெட் எடுத்த மாதிரி! நாம ஆர்டர் பண்றப்போ கிழக்கே போச்சு. அப்புறம் அதே கொக்கு மேற்கே திரும்பி வந்துச்சு. 'போன வேலை முடிஞ்சு வருது பாருங்க'ன்னு சொன்னேன்."

"நீ அதைச் சொன்னப்போ இந்த மேசையில என்ன நடந்தது?"

ஷைலஜா யோசித்தாள். பிறகு அவள் கண் விரிந்தது. "ஹசீனாவோட போன் அடிச்சது! சத்தமா ஒரு மாப்பிளைப்பாட்டு. கொக்கு பறந்துடுச்சு."

"கொக்கு தானா போகல. அதைத் தண்ணிதான் கொண்டுபோச்சு. ஏற்றத்துல கடல் உள்ளே வருது, மிதக்கிறது எல்லாம் கிழக்கே போகும். வற்றம் தொடங்கினா தண்ணி கடலுக்கே திரும்புது, எல்லாம் மேற்கே. ஹசீனா எழுந்து போனப்போ வற்றம் தொடங்கிடுச்சு. அவ அவிழ்த்திருந்தா வள்ளம் இந்நேரம் மேற்கே, கடல்ல சேர்ற அழிமுகத்துப் பக்கம் போயிருக்கும். கிழக்கே சிக்கி நிக்குதுன்னா ஏற்றம் இருக்கும்போதே அவிழ்ந்திருக்கு. சாப்பாடு வந்தப்புறம் ஹசீனாவைத் தவிர உங்க மேசையில யாரும் எழுந்திரிக்கல, நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அப்போ சாப்பாடு வர்றதுக்கு முன்னாடி."

கருணன் தொடையில் தட்டினார். "இருபது வருஷமா இந்தத் தண்ணியில கிடக்கேன், எனக்குத் தோணலியே!"

ஜோஜோ விடவில்லை. "சாப்பாடு வர்றதுக்கு முன்னாடி யாரும் எழுந்திரிக்கவே இல்லையே சேச்சி. நான் இங்கேயே இருந்தேன். ஹசீனா என்கூட சண்டை போட்டுக்கிட்டிருந்தா. கருணேட்டனும் ஓமனாச் சேச்சியும் அடுப்படியில."

"லின்சி?"

"அண்ணி மீன் பாக்கப் போனாங்க. அது ஒரு போறதா?"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்ததை அவன் கேட்டான். உயிர்மீன் போட்டு வைத்த வலைக்கூண்டு படித்துறையில், வள்ளம் கட்டும் முளைக்கு அடியில்தான் இருந்தது. வருகிறவர்கள் போய் வேண்டிய மீனைக் காட்டினால் ஓமனா பிடித்துப் பொரிப்பாள்.

"கரிமீன் இல்லையாம்னு திரும்பி வந்து சொன்னீங்க, இல்லையா லின்சி?" ஷைலஜாவால் தாங்க முடியவில்லை. "ஆனா உங்களுக்கு அப்புறம் வந்த எங்களுக்கு ரெண்டு கரிமீன் கிடைச்சுதே! அப்போ நீங்க..."

எலீஸ்வா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஷைலஜா புரியாமல் பார்த்தாள்.

விசாரணைகளில் எலீஸ்வா இந்தக் கட்டத்துக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறாள். மிச்சமிருக்கும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் எல்லோரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். அந்தத் திரும்பலில் ஒரு சுகம் உண்டு, இப்போதும் அது நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் இந்தப் பெண்ணுக்காக எல்லோரும்தான் பேசிவிட்டார்கள். தண்ணீருக்கும் காரத்துக்கும்கூடப் பேசினார்கள். இதையும் இன்னொருவர் சொல்லவேண்டுமா?

"ஹசீனா இல்லை. அதை நிரூபிச்சாச்சு" என்றாள். "மிச்சத்தை நான் சொல்லப் போறதில்ல."

"அதெப்படி? அப்போ கயிறு தானா அவிழ்ந்ததுன்னு வச்சுக்கவா?" என்றான் ஜோஜோ. அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற கெஞ்சல்.

தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. கருணன் எட்டிப் பார்த்தார். "மச்சான் வந்துட்டான். நாலு மணிக்குள்ள கொண்டுபோய் விட்டுடலாம்."

ஜோஜோ மூச்சு விட்டான். "அப்போ சரி. நடந்தது நடந்துபோச்சு. எழுந்திரிங்க அண்ணி."

லின்சி எழவில்லை. படகின் சத்தம் நெருங்க நெருங்க அவள் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கிக்கொண்டன. இனி அவிழ்க்கக் கயிறு எதுவும் இல்லை.

"நான்தான் அவிழ்த்தேன்" என்றாள்.

"அண்ணி..."

"அவிழ்க்கணும்னு போகல ஜோஜோ. மீன் பாக்கத்தான் போனேன். குனிஞ்சா கயிறு கைக்குப் பக்கத்துல இருந்தது." அவள் நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். "நான் தோஹாவுக்குப் போகல. உங்க அண்ணன் காலையில ரூமை வெளியே பூட்டிட்டுப் போவார். சாயங்காலம் வந்துதான் திறப்பார். ரெண்டு வருஷம்."

"அது... ஊர் தெரியாத இடம். பாதுகாப்புக்காக..."

"பாதுகாப்புன்னா சாவி உள்ளே இருக்கணும்" என்றாள் ஹசீனா. பிறகு தோழியிடம் திரும்பினாள். "எடி, என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சண்டை போடுவே. சண்டை முடிஞ்சதும் நான் இவர் வண்டியிலதானே ஏறணும்?"

ஹசீனா தன் நாற்காலியை லின்சியின் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"அண்ணனுக்கு நான் என்ன சொல்றது?" என்று ஜோஜோ கேட்டான். யாரிடம் கேட்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கறேன்" என்றாள் லின்சி.

எலீஸ்வா கையை நீட்டினாள். "தம்பி, பாஸ்போர்ட். என்கிட்ட இல்ல, அவங்க கையில குடுங்க. அடுத்தவங்க பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வச்சா அதுக்குச் சட்டத்துல என்ன பேருன்னு எனக்குத் தெரியும். உங்களைப் பத்தி அந்தப் பேரை எழுத எனக்கு ஆசை இல்ல."

அவன் பையைத் திறக்க நேரமாயிற்று. நீலப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, படித்துறைக்கு நடந்தான். படகில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாகக் கொஞ்ச நேரம் நின்று திரும்பிப் பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்தான். படகு ஆகாயத்தாமரையைப் பிளந்துகொண்டு போயிற்று. பிளந்த இடம் பின்னாலேயே மூடிக்கொண்டது.

"சாயங்காலம் மச்சான் திரும்பி வருவான், அப்போ எல்லாரும் போகலாம்" என்றார் கருணன், கேட்காமலே.

ஓமனா தொடாத இலையை எடுக்க வந்தாள். "கறி பிடிக்கலியா மோளே?"

லின்சி நிமிர்ந்தாள். பாஸ்போர்ட் அவள் மடியில் இருந்தது.

"கூண்டுல வலது மூலையில ஒண்ணு இருக்கு சேச்சி, முதுகுல ஒரு தழும்போட. அதை விட்டுடுங்க. பக்கத்துல இருக்கிற பெரிசை வாழையிலையில சுத்திப் பொள்ளிச்சுத் தாங்க. காரம் நல்லாப் போடுங்க" என்றாள். "பசிக்குது."